வாசல் எண் 6666

இரண்டு இரவாய் ஒரே கதை.
இரண்டே முக்காலுக்குச் சற்று முன்னால் சேர்வர் விழும்.
விடிந்ததும் எழுப்பி லொக்கைத் திறந்தால்
2:41 வரை எல்லாம் சுகம்.
அடுத்த வரி காலை ஏழு.
நடுவில் என்ன நடந்ததென்று டிஸ்க்குக்குத் தெரியாது.
விழுகிறவன் தன் கையாலேயே எழுதிவைக்க
எங்கே அவகாசம்.

அதனால் ஒரு காது வைத்தோம்.
கொம்பனித்தெருக் கட்டடம், நாலாம் மாடி,
ஒருவருக்கும் வேண்டாத பழைய மடிக்கணினி,
இரண்டு விசை கழன்றது.
ஏழாம் மாடியில் அது சாகிறபோது சொல்வதையெல்லாம்
வயர் வழியே இங்கே எறியவேண்டும்.
யூடிபி.
கிடைத்ததா என்று திரும்பிப் பார்க்காத பாஷை.

மூன்றாம் இரவும் விழுந்தது.
காதில் ஒன்றும் விழவில்லை.

நாலாம் இரவு நானும் றுஸ்னாவும்.
ஃபயர்வோல் திறந்துதான் இருக்கு என்றாள்.
பிறகு போய்ப் பார்த்தாள், பிறகு திறந்தாள்.
நான் லொக் மட்டத்தை எட்டுக்கு ஏற்றினேன்.
அதுவரைக்கும்
உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் வாயைத் திற
என்று சொல்லி வளர்க்கப்பட்டிருந்தது அது.
சோதனைக்கு ஒரு வரியை உள்ளே தட்டினேன்:
பிளேன்டி வேணும்.

மேலே பக்கெட் புறப்படுகிறது, கண்ணால் கண்டோம்.
கீழே வரவில்லை.
"புறப்பட்டதுக்குச் சாட்சி இருக்கு,
வந்துசேர்ந்ததுக்கு இல்லை"
என்றேன், வேலையை மட்டும் நினைத்து.
றுஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
தெருவில் கொத்துக் கடையின் தகரச் சத்தம்
அப்போதுதான் நின்றிருந்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஒரு மணி போல அவள்தான் கண்டுபிடித்தாள்.
ஐபி சரி. போர்ட் சரி.
மெக் முகவரி மட்டும் பழைய றவுட்டருடையது,
சித்திரை இடியில் எரிந்து
பஞ்சிகாவத்தைக்குப் பழைய இரும்பாய்ப் போனதுடையது.
போன வருஷத்து வரியை நான் அப்படியே நகலெடுத்திருக்கிறேன்.
சாகிற நேரத்தில் வீடு விசாரிக்க முடியாதென்று
விலாசத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைக்கிற சாதி இது.
அந்த விலாசத்தில் ஆள் இல்லை.
புதிதாய் வந்தவர்
தன் பெயரில்லாத கடிதத்தைத் தொடவுமில்லை.
அப்படியென்றால் நேற்று
அது எல்லாவற்றையும் சொல்லித்தான் இருக்கிறது.

பன்னிரண்டு எழுத்தையும் மாற்றினோம்.
பிளேன்டி வேணும் என்று நாலாம் மாடியில் விழுந்தது.
றுஸ்னா எழும்பிப் போய் நிசமாகவே ஊற்றிவந்தாள்,
இஞ்சி தட்டிப் போட்டு.

பிறகு காத்திருப்பு.
ஒன்று சாகட்டும் என்று விழித்திருக்கச் சம்பளம்.
ஜன்னலுக்கு வெளியே பேரை வாவி,
தண்ணீரில் ஏதோ வங்கி விளம்பரத்தின் சிவப்பு,
அதன்மேல் அசையாமல் ஒரு கூழைக்கடா.

2:43.

வந்தது.
அடுக்கடுக்காக, மூச்சு வாங்காமல்,
பூச்சியத்தில் தொடங்கும் நீள நீள எண்களாய்,
யார் யாரைக் கூப்பிட்டது,
அதற்கு முன் அவரை யார் கூப்பிட்டது என்று
பின்னாலிருந்து முன்னால்.
நடுவில் ஒரு பெயர்:
டிஸ்க் கார்ட்டின் டிரைவர்.
புதன்கிழமை மத்தியானம், சாப்பிடப் போகிற அவசரத்தில்
நான் புதுப்பித்தது.

முடிந்தது என்று தானே கீறும் கடைசிக் கோடு
வந்துசேரவில்லை.
வழியில் எங்கேயோ.

"காணும், இதுவே போதும்" என்று
றுஸ்னா பையை எடுத்தாள்.
போதும்தான்.
நான் பழைய டிரைவரைத் தேட ஆரம்பித்தேன்,
அந்த வாசலை மூடாமல்.