விட்டுப்போன புள்ளி

ஐப்பசி அடைமழையில்
தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு நீங்கள் வந்தபோது
குடை இல்லை, செருப்பு கையில்.
எண்ணெய்த் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தீர்கள்
செத்தவர் ஒருவரின் கடைசி வரியை:
என் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை.

செம்பனார்கோயில் நெல் தரகர் மாசிலாமணி.
வீரசோழன் மதகில் மூன்று நாள் ஊறிய உடம்பு.
தற்கொலை என்று ஊர் பேசி முடித்துவிட்டது,
இன்ஸ்பெக்டர் ஆதிராஜ நயினார் முடிக்கவில்லை.
"கையெழுத்து பார்ப்பவர் நீங்கள்தானே?" என்றீர்கள்.
எல்லாரையும் போல
என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடாமல்.

தரகரின் பழைய பற்றுச்சீட்டுகள் நாற்பது கேட்டேன்.
மணலில் எழுதிப் பழகி ஓலைக்குப் போன கை.
ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும்.
காகிதத்துக்கு வந்த பிறகும் அந்தக் கை
ஒரு மெய்க்கும் புள்ளி வைத்ததில்லை.
இந்த வரியில் ஐந்து மெய்,
ஐந்துக்கும் புள்ளி,
எள் எண்ணி விதைத்தது போல.

"மெய்யான எழுத்து ஓடும்" என்றேன்.
"பொய் எழுத்து நின்று நின்று வரும்,
வாய்க்கால் தாண்டத் தெரியாதவன் வரப்பில் நிற்பது போல.
நின்ற இடத்தில் மை குளம் கட்டும், பாருங்கள்."
பூதக்கண்ணாடியை நீட்டினேன்.
நீங்கள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

விளக்கு வைத்ததும் இட்லி வந்தது.
"பொழுது சாய்ந்தால் உண்பதில்லை,
தீபங்குடியில் எங்கள் வழக்கம்" என்று
பசித்த கண்ணோடு நான் தின்பதைப் பார்த்திருந்தீர்கள்.
அதுவும் ஒரு விசாரணைதானோ என்னவோ,
மூன்றாவது இட்லியை என்னால் தின்ன முடியவில்லை.

அன்றிரவு நான் சொல்லாதது ஒன்று உண்டு.
எங்கள் அச்சுக்கூடத்தில் புள்ளி விட்டால் காலணா அபராதம்.
எனக்கு இரண்டு மேசை தள்ளி ஏசுவடியான்,
ஈய எழுத்து பொறுக்கிக் கறுத்த கட்டைவிரல்,
என் தாயின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.
தரகரின் தம்பி மகன் கேட்டான் என்று
எழுதிக் கொடுத்திருக்கிறான், முப்பது ரூபாய்க்கு.
தொகையைக் கேட்டதும் பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெயரை மூன்று நாள் நாவடியில் வைத்திருந்தேன்.
நான்காம் நாள் சொன்னேன்.
நீங்கள் நன்றி சொல்லவில்லை.
தண்ணீர் மொண்டு கொடுத்தீர்கள்.

தை பிறந்து உங்கள் அறிக்கை வந்தது, எட்டுப் பக்கம்.
ஓடுகிற கை உங்களுக்கு.
பாதி மெய்க்குப் புள்ளியே கிடையாது, இருப்பதும்
பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும்.
ஆனால் ஞானப்பூ என்று வந்த மூன்று இடத்திலும்
பேனா நின்றிருக்கிறது.
ஞாவின் வளைவில் நடுக்கம்.
ப்-பின் உச்சியில் எண்ணி வைத்த எள்.

என் சாத்திரப்படி இது பொய்.
அல்லது பயம்.
இரண்டுக்கும் நடுக்கம் ஒன்றுதான்,
அதற்கு மேல் கண்ணாடி பேசாது.

மாயவரம் கோர்ட்டு வாசலில் டவாலி சேவகன்
என் பெயரை முதல் தரம் கூவினான்.
சம்மனைத் திருப்பி உங்களிடம் நீட்டினேன்.
"என் பெயரை எழுதுங்கள். சீக்கிரம். யோசிக்காமல்."
இரண்டாம் கூவல்.
"எதற்கு?" என்றீர்கள்.
"ஒப்பிட்டுப் பார்க்க."
மூன்றாம் கூவலுக்குள் எழுதிவிட்டீர்கள்,
ஒரே இழுப்பில், கோணலாக.

கூண்டில் ஏறினேன்.
வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தேன்.
ஏசுவடியான் தன் கட்டைவிரலையே பார்த்திருந்தான்.
"உங்கள் கணிப்பு பிசகியதே இல்லையா?"
எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பிசகியிருக்கிறது" என்றேன்.
வழக்குக் கட்டில் சேராத தாள் ஒன்று
மை காயாமல் ரவிக்கைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது,
ப-வின் தலை வெறுமையாக.