ஆறு எண்கள்

இன்றைக்கும் என் போன்தான் கத்தியது.
"அன்பார்ந்த விவசாயி,
உங்கள் கணக்கில் ரூபாய் இரண்டாயிரம்..."
அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.
விவசாயி செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
ஆணி நிறுத்துக்கொண்டிருப்பார்.
நான் அவர் காட்டில்
குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

நம்பர் வந்த கதை சின்னது.
பதிவு செய்த அன்று, ஏத்தாப்பூர் இ-சேவை மையத்தில்
அர்த்தநாரி அண்ணன் போனில் சார்ஜ் இல்லை.
வரிசை ரோடு வரைக்கும் நின்றது.
"பாவாயி, உன் நம்பரைச் சொல்லு,
அப்புறம் மாத்திக்கலாம்."
சொன்னேன்.
அந்த அப்புறம் ஆறு வருசமாக வரவில்லை.

பட்டா அவர் பேரில்.
சிட்டா அவர் பேரில்.
அடங்கலில் பயிர், மரவள்ளி;
அதுவும் அவர் பேரில்தான் முளைக்கிறது.
குத்தகைக்குத் தாள் கிடையாது.
தை மாசம் எண்ணிக் கொடுக்கிற நோட்டுதான் தாள்.
எந்த ஏட்டிலும் நான் இல்லை.
டெல்லியில் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள்
என் நம்பர் மட்டும் இருக்கிறது,
கடைசியில் இரண்டு ஏழு.

மாவுப்பூச்சி விழுந்த வருசம்
கொழுந்தெல்லாம் பொத்திய கை மாதிரி சுருண்டு நின்றது.
தோட்டைக் கழற்றி வைத்து மருந்து வாங்கினேன்.
அதே வாரம் மெசேஜ் வந்தது.
"அண்ணா, பணம் ஏறிருச்சு."
"நல்ல சேதி சொன்னே" என்றார்.
பொங்கலுக்குக் கடையிலிருந்து ஒரு வாளி கொடுத்தனுப்பினார்.
குறை சொல்லக்கூடாது, நல்ல கனமான வாளி.

போன மாசம் கேஒய்சி புதுப்பிக்கச் சொன்னார்கள்.
அவர் சேலத்தில் ஒரு கவுண்டருக்கு முன்னால்.
இங்கே புரோக்கர் என் முன்னால்.
இருபத்தெட்டு பாயிண்ட் இருக்கும் என்று ஏற்றிய கிழங்கை
சேகோ மில்லில் இருபத்து மூன்று என்று அளந்துவிட்டார்களாம்.
அஞ்சு பாயிண்ட் வழியில் எங்கே இறங்கிப் போச்சு என்று
கேட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.
"ஓடிபி வந்துச்சா? சீக்கிரம் சொல்லு."

வந்திருந்தது. ஆறு எண்கள்.
பத்து நிமிடம் செல்லும்.
யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று
தமிழிலேயே எழுதியிருந்தது.
இத்தனை அக்கறையாக
என்னிடம் சர்க்கார் பேசியதே இல்லை.

"டவர் இல்லைண்ணா" என்றேன்.
நாலு கோடும் நிமிர்ந்து நின்றது.

வரப்பில் உட்கார்ந்தேன்.
காலில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டினேன்.
வடக்கே கல்வராயன் மலையில்
மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.
மூன்றே கால் ஏக்கரையும் ஒருதரம் பார்த்தேன்,
விலைக்குக் கேட்டு வந்தவள் மாதிரி.
மேற்கு மூலையில் களை அதிகம்.
விவசாயி கவனிக்க வேண்டும்
என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்கள் செத்துப்போயின.
மறுபடி அனுப்பினார்கள், வேறு ஆறு.
எழுந்து நின்று சொன்னேன்,
ஒவ்வொன்றாக, மூட்டை எண்ணுகிற குரலில்.
"சரியாப் பாத்தியா?"
"சரியாத்தாண்ணா."

அந்தப் பணம்தான் இன்றைக்கு ஏறியிருக்கிறது.
பதினெட்டாவது தவணை.
ஒன்றையும் நான் அழிக்கவில்லை.
பட்டன் போன் இடமில்லை என்கிறது,
என் தம்பி மெசேஜ் போட்டால் வருவதில்லை.

டிராக்டர்காரன் ஆரன் அடிக்கிறான்.
அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.
இன்னும் இரண்டு பாத்தி இருக்கிறது.