நாற்பத்தெட்டாவது வாரம்

ஞாயிறு விடிகாலை ஐந்தரை.
ஜப்பானில் ஒன்பது மணி.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய்க்குக் கீழே நான்கு பேர்,
ஒரு கைபேசி,
அது சாயாமலிருக்க முட்டுக்கொடுத்த
ஈரப்பத மீட்டர்.

செமிரோ வருகிறான்.
பதினேழு வருடம் மண்ணுக்குள் கிடந்து
முதுகு பிளந்து வெளியேறிய சில்வண்டு வீரன்.
கவசம் பச்சை.
சம்பா பால்பிடிக்கும்போது இருக்குமே, அந்தப் பச்சை.
ரப்பர் உடைதான், கக்கத்தில் தையல் தெரியும்.
வெடிக்கிற மலை அட்டைதான்.
தெரியாமலா பார்க்கிறோம்?

மொத்தம் ஐம்பது. இன்னும் மூன்று.

சுமைதூக்கும் வேம்பரசன் சொல்கிறான்:
"சாகடிச்சிருவானுங்க.
பொம்மை வித்து முடிஞ்சிருச்சுல்ல."
ஜெராக்ஸ் கடை சாதிக்குக்குக் கதாசிரியர்மேல் கோபம்.
முப்பதாவது வாரம் வெள்ளத்தில் போன தங்கையை
அப்படியே விட்டுவிட்டார்களாம்.
"அந்தப் புள்ள என்ன ஆச்சு?
ஒரு வார்த்தை சொல்லிட்டு
அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."
நான் பட்டியல் எழுத்தர், மூட்டை எண்ணுகிறவன்.
இதையும் எண்ணிக்கொண்டுதான் பார்க்கிறேன்:
உடைந்த கவசத் துண்டுகள் ஏழு,
மிச்சமிருக்கும் எதிரி ஒருத்தன்,
அவனுக்கு யாரும் நன்றி சொல்லாத வாரங்கள்
நாற்பத்தேழு.

வசனம் புரிகிறவள் நசீமா ஒருத்திதான்.
பொதக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
ஒசாகாவில் வயசானவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்காகத்
திருவாரூரில் ஜப்பானிய வகுப்பு.
வலிக்குதா, எங்க வலிக்குது,
மெதுவா எந்திரிங்க,
இதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.
சண்டைக்காட்சியில் பாதி வசனம்
அதுவேதான் என்பாள்.

அன்றைக்கு
செமிரோ தன் கூட்டைக் கழற்றி
ஒரு பள்ளிக்கூட வேலியில் மாட்டிவிட்டு
அந்தப் பையனிடம் குனிந்து ஏதோ சொன்னான்.
சின்ன வாக்கியம்.
நசீமா எச்சில் விழுங்கி,
"திரும்பி வருவேன்னு சொல்றான்" என்றாள்.
வேம்பரசன் அடித்த விசிலுக்கு,
இரண்டு நாளாக வரிசையில் கிடக்கும் டிராக்டர்காரர்
தன் முறை வந்துவிட்டதென்று
வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

மதியம் சாதிக் கடையில்
அடியில் எழுத்து போட்ட பிரதி.
அதே வேலி, அதே பையன்.
எனக்காகக் காத்திருக்காதே.

சாதிக் போனில் கத்தினான்.
எதிர்முனையில் பஸ் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு அவள்:
"அந்த வார்த்தை தெரியும்ணே.
போன மாசப் பாடம்.
உங்க மூணு பேர் மூஞ்சியையும் பாத்தேன்,
வாய்க்கு வரல."

வேம்பரசனுக்குக் கோபமில்லை.
"அவன் சொன்னது அது. இவ சொன்னது இது.
நான் இதையே வச்சுக்கறேன்."
சொல்லிவிட்டு
மீட்டரைச் சாதிக் கன்னத்தில் வைத்து அழுத்தி
"பத்தொம்போது! லோடைத் திருப்பு!" என்றான்.

நாற்பத்தொன்பது முடிந்ததும்
பதினைந்து விநாடி, அடுத்த வீரனைக் காட்டினார்கள்.
சிவப்பு. முகத்தில் ரயில் எஞ்சின்.
இவனை யார் கேட்டது?

மேட்டூரை அடைத்து ஒரு வாரமாகிறது.
ஆற்றில் கணுக்கால் தண்ணீர்,
அதிலும் யாரோ வலை போட்டிருக்கிறார்கள்.
நசீமாவுக்கு விசா வந்துவிட்டது.
அங்கே போனால் ஒன்பது மணிக்கே
டிவியிலேயே பார்க்கலாம் என்றேன்.
ஞாயிறு லீவு கிடையாதாம்.

சனி ராத்திரி. பனி.
நாளைக்கு ஐம்பது.
நான் வரலை, என்னை விட்டுருங்க என்று
மூன்று தடவை சொன்ன வேம்பரசன்
உட்காருவதற்கு மூட்டை இழுத்துப் போடுகிறான்.
நான்கு. பிறகு இன்னொன்று.
டிராக்டர்காரர் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறார்,
"அந்தப் பச்சைத் தம்பி
பொழைச்சுக்குவானா சார்?"