புல் தெரிகிறது

கரோல் பாக், இரண்டாம் மாடி.
காலை ஏழுக்கு ஔலியை அழைப்பேன்.
ரோப்வே நேகி வாயில் பிரஷ்ஷோடு சொல்வார்:
"கீழே பத்து சென்டிமீட்டர், மேலே முப்பது,
மதியத்துக்கு மேல் கிச்சடி."

பலகையில் எழுதுவேன்.
டிசம்பரை நம்ப வேண்டாம். ஜனவரி கடைசியில் முழங்கால்.
பிப்ரவரி, மாவு.
மார்ச் காலையில் கண்ணாடி, பிற்பகலில் சேறு.
எதையும் பார்த்ததில்லை நான்.
எனக்குத் தெரிந்தது
ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தின்மேல் படர்வதுதான்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்.
இந்தத் தையில் நேகியின் தரை சும்மா கிடந்தது.
"புல் தெரியுது பேட்டா. குதிரை மேயுது."

"'பரஃப் ஹை' என்றே சொல்" என்றார் முதலாளி சச்தேவா.
மூன்று பேரிடம் சொன்னேன்.
நாலாவது அழைப்பு முனிர்க்காவிலிருந்து, தமிழில்:
"பனி இருக்குங்களா? பையன் ஸ்கீ ஸ்கீன்னு உயிரை எடுக்கறான்."

ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் காணோம்.
மெட்ரோ தூண் பாதிக்குமேல் இல்லை.
"இருக்கு சார், நிறைய."

பொய் இல்லை.
முன்பணம் பதினெட்டாயிரம்.

ஹீட்டரில் எரியும் ஒரே கம்பியில் கை காய்ச்சியபடி
ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டு குளிரை எப்படி விற்பது?

நாலு மணிக்கு நானே அழைத்தேன்.
"சார், நான் சொன்ன பனி டெல்லியில.
அங்கே புல்லுதான்."

அந்தப் பக்கம் குக்கர் மூன்று முறை கூவியது.
"அப்போ மாசியில பார்க்கலாமா?"

மாசிப்பனி மச்சைத் துளைக்கும்,
வாய்வரை வந்தது.
"நேகியைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.