முட்டைக் கணக்கு

பள்ளியில் முட்டை என்றால் பூஜ்யம்.
கணக்குப் பாடத்தில் நான் வாங்கியதை எல்லாம்
சேர்த்தால் ஒரு கூடை தேறும்.
இப்போது போர்ட் லிங்கனில்
முட்டை எண்ணத்தான் சம்பளம்.

பிப்ரவரி. ஸ்பென்சர் வளைகுடாவின் வாய்.
இரவு மூன்றரை.
எழுபது மீட்டர் ஆழத்திலிருந்து
வலையை நெட்டுக்குத்தாக இழுக்கிறோம்.
மீன் பிடிக்கிற வலை இல்லை,
மாவு சலிக்கிற சல்லடை மாதிரி, கடலுக்கு.
அடிப்புட்டியில் சேர்வது
ஒரு குவளை நீராகாரம்.
அதற்குள் மத்தியின் முட்டை:
ஒன்றரை மில்லிமீட்டர்,
கண்ணாடிக்குள் ஒரு கண்ணாடி,
அதற்குள் ஒரே ஓர் எண்ணெய்ச் சொட்டு.

மத்தி என்றுதான் வாயில் வருகிறது.
நான் தின்று வளர்ந்தது இது அல்ல,
இதற்கு வேறு லத்தீன்.
ஆனாலும் பெயர் பொருந்துகிறது:
கீழே மிதவைப் பாசி,
மேலே சூரை, ஓங்கில், ஆலா, கடல்நாய்,
எல்லா வாய்க்கும் மத்தியில்
இது.
கூண்டுகளில் கொழுக்கும் சூரைக்கு
மண்வாரியால் அள்ளிப் போடுவதும் இதைத்தான்.

சொன்னால் எளிது.
ஒரு நாளில் கடலில் விழுந்த முட்டை எத்தனை,
ஒரு தாய் ஒரு தடவையில் இடுவது எத்தனை,
நூறு தாயில் நேற்றிரவு இட்டவர்கள் எத்தனை பேர்.
வகுத்தால், கண்ணில் படாத மீனுக்கு எடை வரும்.
நேற்றிரவை எப்படி அறிவாய் என்று கேட்பார்கள்.
சினைப்பையை மெழுகில் பதித்துச் சீவினால்
முட்டை கிளம்பிப்போன கூடுகள்
வற்றிக் கிடக்கும்.
அந்த வற்றல்தான் கடிகாரம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்,
சரி,
இந்தப் பானையின் விளிம்பை
யாரும் பார்த்ததில்லை.

எண்பத்தேழாம் நிலையத்தில்தான் வம்பு.
சுற்றிலும் நான்கு, பதினொன்று, இரண்டு.
இங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
மூன்று தடவை எண்ணினேன்.
மூன்றாம் தடவை
கூடுதலாக ஏழு கிடைத்தது.

மே மாதக் கூட்டத்தில்
யூரே பெர்கோவிச் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.
சுருக்குமடிப் படகுக்காரர்.
எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு
மறியல் உண்டு, வழக்கு உண்டு, அடிதடி உண்டு.
இங்கே அதற்கு உரிமம், ஒதுக்கீடு;
ஒதுக்கீடு தீர்ந்தால் படகைக் கட்டிவிட வேண்டும்.
அந்த ஒற்றை எண்ணைச் சேர்த்தால்
எல்லோருக்கும் கூடும்.
விட்டால் குறையும்.
விலகிய புள்ளி, விட்டுவிடலாம் என்றார்
அடிலெய்டிலிருந்து வந்த புள்ளியியல்காரர் ஃபென்விக்.
"எண்ணினது யார்?" என்றார் யூரே.
கை தூக்கினேன்.
"பிழையா?"
"இல்லை."
"அப்போ மீன் இருக்கு."
"இருந்தது," என்றேன். "அந்த இடத்தில்.
நான் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்."
யாரோ சிரித்தார்கள். யூரே சிரிக்கவில்லை.
தொண்ணூற்றெட்டில் அவர் படகில் எடுபிடிப் பையன்.
நோய் வந்து, மைல் கணக்கில்
வயிறு காட்டி மிதந்ததாம்.
"அதுக்கு முந்தின வாரம்
வலை கிழியற அளவு மீன்," என்றார்
யாரையும் பார்க்காமல்.
அது எந்தப் பக்கத்து வாதம் என்று
ஒருவருக்கும் புரியவில்லை.
கடைசியில் எண்ணைச் சேர்த்தார்கள்,
ஒதுக்கீட்டைக் கூட்டவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த பிப்ரவரி. மறுபடி எண்பத்தேழு.
அதே அட்சம், அதே ஆழம்.
கொஞ்சம் அவசரமாகவே புட்டியைக் கழற்றினேன்.
இறால் குஞ்சுகள். சொறிமீன் துண்டு.
யாருடையதோ ஒரு வால்.
தட்டை மூன்று தடவை தேடினேன்.
முட்டை என்ற கட்டத்தில்
ஒரு முட்டை போட்டேன்.
காலியாக விட்டால் போகவில்லை என்று ஆகிவிடும்.
போனோம்.
மணி நான்கேகால், தென்மேற்கில் காற்று,
எண்பத்தெட்டுக்கு இன்னும் ஐந்து மைல்.