உத்தேச வயது

பதினோராம் தரம், ஆங்கில இலக்கியம், ஐந்து பேர்.
மாங்குளத்தில் மாறி ஏறும் பஸ் பிந்தினால் நாலு.
நாவலைப் போட்டோக்கொப்பி எடுத்ததில்
நாற்பத்தோராம் பக்கம் முழுக்கக் கறுப்பு.

இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய சீமை.
குதிரை வண்டி, சத்திரம், ஓயாத மழை,
மாதா கோயில் படியில் துணி சுற்றிய பிள்ளை.
"அந்தக் காலத்துக் கதைகாரர் ஏன்
முதற் பக்கத்துக்கு முன்னமே
தாய் தகப்பனைச் சாகக் கொடுக்கினம்?"
வினாத்தாளில் வரக்கூடிய கேள்வி.
விடைக் குறிப்பு என் கையில் இருந்தது:
சொத்து, சட்டம், தனிமனிதன், இன்னும் ஏதோ.

பூங்கதி எழும்பினாள்.
"அம்மா இருந்தா கதை தொடங்காது மிஸ்.
வெயிலுக்குள்ள எங்க போறாய்,
சாப்பிட்டிட்டுப் போ எண்டுவா.
அவன் லண்டனுக்குப் போய்ச் சேரான்."

சிரித்தார்கள். நானும்.
அதைக் கரும்பலகையில் எழுதாமல் விட்டது
இப்போதும் உறுத்துகிறது.

கடைசி அத்தியாயங்களை வேகமாக நடத்தினேன்.
தோளில் மச்சம். துணியோடு வந்த மோதிரம்.
சாகக் கிடக்கும் செவிலி வாய் திறக்கிறாள்,
பிரபுவின் மகன் பிரபுவின் மகனாகிறான்.
அதுவரை விழுந்த அடிகள் யாருடையவை என்று
அங்கே எவரும் கேட்பதில்லை.
மாதுளன் கேட்டான்:
"மச்சம் இல்லாத பிள்ளையள் என்ன செய்யும்?"
அதுகளுக்கு நாவல் இல்லை என்றேன்.
சொன்ன பிறகுதான் கண்டேன்
பூங்கதி சட்டைக் கழுத்தை இழுத்து மூடியதை.
இடது தோள், சன்னம் கிழித்த தழும்பு.
அந்த வருசத்துப் பிள்ளைகள் எத்தனை பேரில் அது இருக்கிறது,
எவரையும் இன்னாரென்று காட்டாத அடையாளம்.

ஆடியில் அடையாள அட்டை விண்ணப்பங்கள் வந்தன.
அவளுடையதோடு உத்தேச வயதுச் சான்றிதழ்.
பிறந்த திகதி சனவரி ஒன்று:
எழுதுவினைஞர் ஒருவர் தேநீருக்கு முன் பிறப்பித்த நாள்.
தகப்பன், தெரியாது. தாய், ஒரு கோடு.
இறந்தவர் என்று எழுத மரணச் சான்றிதழ் வேண்டும்,
ஆதலால் கடதாசியில் அவள் அநாதையும் இல்லை.
சீமைக்காரனுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை.
அரை வரியில் புதைத்துவிட்டு நடந்தான்.

பெயருக்குப் பின்னால், நெருக்கி,
பேனையால் ஓர் எழுத்துச் சேர்த்திருந்தாள்.
ர்.

"செட்டிகுளம் முகாமில, தண்ணி வரிசையில,
என்னைத் தூக்கி வச்சிருந்த பொம்பிளை
கதிர், கதிர் எண்டுதான் கூப்பிட்டவவாம்.
ஒரு அன்ரி சிஸ்டரிட்டச் சொன்னவ."
எந்த அன்ரி?
"தெரியாது மிஸ்."
தூக்கி வைத்திருந்தவள்?
அவள் யன்னலால் பார்த்தாள்.
வவுனிக்குளத்துத் தண்ணியில் சிறுபோகம்
குடலை தள்ளி நின்றது.

கதி. கதிர்.
இடையில் புள்ளி வைத்த ஓரெழுத்து,
அதற்குச் சாட்சி
வரிசையில் வாளியோடு நின்ற ஒருத்தியின் காது.
'திருத்தங்கள் ஏற்கப்படமாட்டா' என்று
அடியில் மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தது.
எழுத்தின் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை வைத்தேன்.
திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும், பிறகு பார்ப்போம்.

மீட்டல் பாடம். அவள்தான் வாசித்தாள்.
நாற்பத்தோராம் பக்கம் வந்தும் நிறுத்தவில்லை.
கறுப்பைப் பார்த்தபடி, பிழையான ஆங்கிலத்தில்,
தானே சொல்லிக்கொண்டு போனாள்:
அவன் ஒரு கடைக்குள் போகிறான்,
பாண் வாங்குகிறான்,
மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிறான்.
சரியாக இருக்கிறது.