எட்டால் வகுத்தால்

பூட்டுகிற நேரத்தில் பேக்கரிக்குள் நுழைந்தோம், எட்டுப் பேர்.
ஊத்துக்குளி ரோட்டில் கடைசிக் கம்பெனி வேனும் போய்விட்டது.
இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு
நீல அட்டை நோட்டை விரித்தேன்:
பாங்காக், அயுத்தயா, ஐந்து பகல் நான்கு இரவு,
தலைக்கு முப்பத்தோராயிரத்து இருநூறு.
இரண்டு வருஷம், சனிக்கிழமைச் சம்பளத்தில்
முன்னூறு முன்னூறாய்க் கிள்ளியது.

கணக்கில் நாற்பது பாட் இடித்தது.

"விடு துளசி, நூறு ரூவா" என்றாள் சம்பூரணம்.
எப்படி விடுவது?
ஒரு தையல் தாவினாலே பீஸைத் திருப்பி எறிகிற
செக்கிங் டேபிள்காரிகள் நாங்கள்.
அந்த ஊர் இரவுச் சந்தையிலும் கை சும்மா இருக்கவில்லை.
தொங்கிய பனியனையெல்லாம் உள்பக்கம் புரட்டி,
தோள் ஜாயிண்ட்டை இழுத்து,
"ஆயில் கறை, ரிஜெக்ட்" என்று ஒதுக்கினோம்.
கடைக்காரப் பெண் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.
லேபிளில் திருப்பூர் இருக்குமென்று பார்த்தோம்.
வேறு ஏதோ ஊர்.

முதலிலிருந்து படித்தேன்.
படகு, ஆளுக்குப் பதினாறு.
பப்பாளிக்காயை உரலில் நசுக்கிக் கொடுத்தது, மூன்று தட்டு
(மீன்சாறு வேண்டாமென்று சாடை காட்டுவதற்குள்
ஊற்றிவிட்டாள். நாச்சாத்தாள் தொடவில்லை,
அவள் பங்கைக் கழிப்பதா?)
அரண்மனை, ஆளுக்கு ஐநூறு.
சீட்டுக் குலுக்கி இரண்டு பேர் மட்டும் போனது,
பார்த்ததை மற்ற ஆறு பேருக்கும் வந்து சொல்ல வேண்டுமென்ற ஒப்பந்தத்தில்.
பாப்பாத்திக்கும் ஜம்ரூத்துக்கும் விழுந்தது.
மதில் நிழலில் பலாச்சுளைப் பொட்டலத்தைச் சுற்றி
உட்கார்ந்திருந்த எங்களிடம் ஜம்ரூத் ஓடி வந்தாள்:
"செவுத்துல ராமாயணமக்கா, முச்சூடும்!
வெள்ளை அனுமாரு மலையாட்டம் வளந்து
ராமரை வாய்க்குள்ள வெச்சுக் காவல் காக்கறாரு.
இது நம்மூருக் கதையில இருக்குதா?"
எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

அயுத்தயா, வேன் வாடகை, ஆயிரத்து எண்ணூறு.
கருகின செங்கல் கோபுரங்கள்,
வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள்.
பர்மாக்காரன் படை வந்து எரித்த ஊராம்.
ஒரு மரத்தின் வேர் மட்டும்
ஒரு கல்முகத்தை விடாமல் பிடித்திருந்தது.
போட்டோவுக்கு நின்றோம். காவலாளி விசில் ஊதினார்,
கையைக் கீழே, கீழே என்று அழுத்திக் காட்டினார்.
அந்த முகத்துக்கு மேல் யார் தலையும் இருக்கக் கூடாதாம்.
உட்கார்.
காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை
நின்றே பீஸ் பார்க்கிற எட்டுப் பேரை
தொப்பி போட்ட ஒருவர் உட்காரச் சொல்கிறார்.
உட்கார்ந்தோம்.
போட்டோ எடுத்து முடிந்தும் எழுந்திருக்கவில்லை,
அவர் மறுபடி விசில் ஊதும் வரைக்கும்.

கடைசிப் பக்கம். நாற்பது பாட் அப்படியே நின்றது.

கலாமணி தேங்காய் பன்னைப் பிய்த்தபடி
யாரையும் பார்க்காமல் சொன்னாள்:
"கடைசி நாளு, நீங்கெல்லாம் தூங்கினப்பறம்.
அந்தத் தள்ளுவண்டிக்காரிகிட்ட
பட்டுப்புழு வறுவல். ஒரு பொட்டலம்."
டீ டம்ளர்கள் பாதியில் நின்றன.
"மழைக்கு ஈசல் வறுத்து அரிசிப்பொரியோட தின்னவதான நானு?
அந்த ருசி வருதான்னு பாத்தேன்."
"வந்துச்சா?" என்றாள் மயிலாத்தாள் சட்டென்று.
கேட்ட வேகத்திலேயே தெரிந்தது, அவளும் தின்றவள்.
"உப்புத் தூக்கல். ஆனா மொறுமொறுன்னு..."
"எங்களையும் எழுப்பியிருக்கலாமில்ல?"

பொதுச் செலவில் எழுதினேன்.
எட்டால் வகுத்தால் தலைக்கு ஐந்து.

பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான்:
"எட்டு டீ, ஒரு பன்னு. நூத்தி முப்பதுங்கக்கா."
இதை எந்தக் கணக்கில் எழுத, என்றேன்.
மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டே
சம்பூரணம் சொன்னாள்:
"போன பயணம் முடிஞ்சுதா இல்லையா?
மொதல்ல அதச் சொல்லு."